மாப்பிள்ளை பிடித்த மைக்

எங்கள் மைக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பிறகு நடந்ததை யாரும் நம்ப மாட்டார்கள். சொன்னாலும் நம்பப் போவதில்லை. ஆனாலும் என் பங்குக்கு நான் சொல்லிவிட்டேன் என்று இருக்கட்டும்.

அது ஷாட்கன் மைக். முழங்கை நீளத்துக்கு ஒல்லியான குழாய். இரண்டு விலாவிலும் மீனின் செவுளைப் போல வரிசையாகக் கீறல்கள். பக்கவாட்டில் வருகிற சத்தமெல்லாம் அந்தக் கீறல்கள் வழியே உள்ளே புகுந்து, தங்களுக்குள் முட்டி மோதிக்கொண்டு அங்கேயே அடங்கிவிடும். நேர் எதிரே இருந்து வருகிற சத்தம் மட்டும் யாரையும் இடிக்காமல் கடைசிவரை வந்து சேரும். சந்தைக்கு நடுவில் நின்று ஒருவர் பக்கம் நீட்டினால், சந்தையே காலியாகி அவர் மட்டும் பேசுகிற மாதிரி இருக்கும்.

எங்களுடையது அந்த இனத்திலேயே கொஞ்சம் அதிகப்பிரசங்கி. ஒரு தடவை வெட்டவெளியில் காற்றுச் சத்தம் பதிந்துகொண்டிருந்தபோது தொலைவில் ஒரு ரயில் போனது. மைக்கைச் சும்மா அந்தப் பக்கம் திருப்பினேன். கடைசிப் பெட்டியின் கழிவறைக்குள் ஒருவர், டிக்கெட் பரிசோதகர் வரக் கூடாது என்று கடவுளை வேண்டிக்கொண்டிருந்தார். பாதி வேண்டுதல் வரை கேட்டேன். அடுத்தவர் பிரார்த்தனை நமக்கெதற்கு என்று பிறகு திருப்பிக்கொண்டேன்.

முன்னால் எவ்வளவு கூர்மையோ, பின்னால் அவ்வளவு செவிடு. ‘இதுக்குப் பின்னால நின்னு மாவு மில்லே ஓட்டுங்க, கேக்காது’ என்று போகிற இடமெல்லாம் நான் பீற்றிக்கொள்வது வழக்கம். அதன் பலனாக எங்கள் ஆட்களுக்குப் பழக்கம் கெட்டுப்போனது. மற்ற படப்பிடிப்புகளில் ‘சைலன்ஸ்’ என்று குரல் வந்தால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்கள். எங்கள் இடத்தில் அப்போதுதான் கேமராவுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சே ஆரம்பமாகும். டேக் ஓடும்போது யாரும் யாரையும் அதட்ட முடியாது அல்லவா, அந்த தைரியம்.

இந்த மைக்கை நீளமான கம்பின் நுனியில் பொருத்தி, நடிகர்கள் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பவரை பூம்காரர் என்போம். கை நடுங்கக் கூடாது. இருமக் கூடாது. பசித்து வயிறு கத்தக் கூடாது. என் பூம்காரர் கம்பைத் தூக்கிவிட்டால் தூண்தான். ஒரு காக்கை அவர் தோளில் வந்து உட்கார்ந்து, இறகைக் கோதி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவு அமைதியான பையன் வேறெங்கே கிடைப்பான் என்று என் மகளை அவருக்கே கட்டிக்கொடுத்தேன். அதுவரை ‘டேய்’ ஆக இருந்தவர் அன்றோடு ‘மாப்பிள்ளை’ ஆனார். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

சத்தம் பதிகிறவன் பூம்காரரைத் திட்ட வேண்டும். அது வேலையில் ஒரு பகுதி. மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? ‘மைக் உள்ள வருதுடா எருமை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மைக்கும் கொஞ்சம் படத்துல நடிக்குது’ என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் ஷாட் முடிந்துவிடும். அவர் மைக்கைப் பொருத்தி வைத்தால் நான் சரிபார்ப்பதையும் விட்டுவிட்டேன். மாப்பிள்ளை கட்டியதை மாமனார் பிரித்துப் பார்ப்பது நன்றாகவா இருக்கும்?

என் மகளுக்கும் அதே படத்தில்தான் வேலை. கன்டினியூட்டி. போன ஷாட்டில் கதாநாயகன் எந்தக் கையில் தம்ளர் வைத்திருந்தார், அதில் தண்ணீர் எவ்வளவு, காலர் மடங்கியிருந்ததா நிமிர்ந்திருந்ததா என்பதையெல்லாம் நினைவில் வைத்து, அடுத்த ஷாட்டில் பிசகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. இப்படிப்பட்டவள் வீட்டில் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘போன மழைக்காலத்துல இதே கதவுகிட்ட, இதே நீலச் சட்டையில, இடது கையை இடுப்புல வச்சுக்கிட்டு, இதே மாதிரிதான் ஒண்ணும் பேசாம நின்னீங்க.’

எதிர்த்தரப்பில் மாப்பிள்ளை. கம்பு கையில் இல்லாத நேரத்திலும் கம்பு பிடித்த மாதிரியே நிற்பவர். அவள் பேசப் பேச இவர் மூச்சைக் குறைத்துக்கொண்டே போவார். எங்கேயோ டேக் ஓடுகிறது என்கிற பழக்கதோஷம்.

கடைசியில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். தொலைதூர ஊர் ஒன்றில் எடுக்கிற டிவி சீரியலில் வேலையும் தேடிக்கொண்டாள். எங்கள் படத்தின் கடைசி நாள் சாயங்காலம் அந்தக் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

‘அந்த சீரியல் எப்ப முடியும்?’ என்று கேட்டேன்.

‘அதெல்லாம் முடியாதுப்பா.’

‘மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?’

‘சொன்னேன்.’

‘என்ன சொன்னார்?’

‘என்னப்பா கேள்வி இது’ என்று சொல்லிவிட்டு பெட்டியில் துணி அடுக்கப் போய்விட்டாள்.

ஆக, அந்த சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் என் மகள் குடும்பம் தப்பும். திறக்காவிட்டால் வேன் வந்துவிடும். அதைச் சொல்லி அவரை உலுக்க வேண்டியவன் நான். உலுக்கலாமா கூடாதா என்று யோசித்ததிலேயே கடைசி நாள் வந்துவிட்டது.

அன்றைக்கு ஒரு வீட்டின் மொட்டை மாடியில் படப்பிடிப்பு. காட்சி இதுதான்: கணவனும் மனைவியும் தொப்பலாக நனைந்த துணிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டே, தாழ்ந்த குரலில் பிரிந்துபோவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நடிகர்களும் நனைந்திருந்ததால் அவர்கள் சட்டைக்குள் குட்டி மைக் ஒட்ட முடியாது. எங்கள் அதிகப்பிரசங்கி ஒன்றுதான் கதி.

மாடியில் காற்று பிய்த்தது. காற்றுக்காக மைக்கை ஒரு நீளக் கூண்டுக்குள் வைத்து, அதன்மேல் முடி முடியாக ஒரு உறை மாட்டுவோம். மாட்டிய பிறகு பார்த்தால் சடைநாய்க் குட்டி மாதிரி இருக்கும். எது தலை, எது வால் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அன்று காலை அதை மாட்டியவர் மாப்பிள்ளை. அப்போது அவர் மனது எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

மாடிப்படி வந்து முடிகிற சின்ன அறையில் ரெக்கார்டரோடு நான். எதிரே, கேமரா பார்ப்பதைக் காட்டுகிற ஒரு குட்டித் திரை. எனக்கு ஹெட்ஃபோனில் கேட்பதுதான் மாப்பிள்ளைக்கும் அவருடைய ஹெட்ஃபோனில் கேட்கும். டைரக்டர் ஹெட்ஃபோன் போட மாட்டார், முடி கலைந்துவிடும். கேமராவுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி நிழலில் என் மகள் நாற்காலி. பக்கத்தில் மேக்கப் அக்கா. அவர்களை ஒட்டினாற்போல மேனேஜர், அதாவது சாப்பாடு, வண்டி, வாடகை என்று எல்லாவற்றுக்கும் திட்டு வாங்குகிறவர்.

‘ஆக்‌ஷன்’ என்றார் டைரக்டர்.

திரையில் கதாநாயகன் ஈரத் துண்டை உதறினார். மனைவியைப் பார்த்தார். மனதைப் பிழிகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு வாயைத் திறந்தார்.

‘சாப்பாடு பத்தாது. ஆள் கூடுதலா வந்துட்டாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.’

குரல் மேனேஜருடையது.

கதாநாயகி மெல்ல நிமிர்ந்தார். கண்ணில் நீர் கட்டியது. உதடு துடித்தது.

‘அப்ப நான் முதல் ஆளா போய் உக்காந்துடறேன்.’

இது மேக்கப் அக்கா.

உதடும் குரலும் மயிரிழை பிசகவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி ஊதிப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டேன். கதாநாயகன் இப்போது கொடியைப் பிடித்துக்கொண்டு வாடகைப் பாத்திரங்களைப் பற்றி விம்மினார். எல்லாவற்றுக்கும் அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, யாரோ இரண்டு பேர் தாழ்ந்த குரலில் ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

‘கட். சவுண்ட் எப்படி சார்?’ என்று டைரக்டர் கத்தினார்.

இந்த வயதில் ஒரு சவுண்ட்காரன் எழுந்து நின்று, கதாநாயகன் வாயிலிருந்து மேனேஜர் பேசுகிறார் என்று சொன்னால் அதற்குப் பிறகு யார் கூப்பிடுவார்கள்? யோசித்துப் பார்த்து, ‘சுத்தமா இருக்கு’ என்றேன். ‘ஆனா பக்கத்து மாடியில யாரோ புருஷன் பெண்டாட்டி சண்டை போடறாங்க. அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க.’

மேனேஜர் போனார். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தனிக்கட்டை, ஒரு பூனையோடு இருந்தாராம். சண்டை போடாதீர்கள் என்று இவர் கேட்டுக்கொள்ள, சண்டை போட ஆளே இல்லை என்று அவர் எடுத்துச் சொல்ல, இவர் விடாமல் கும்பிட, கடைசியில் இனிமேல் போட மாட்டேன் என்று வாத்தியார் வாக்குக் கொடுத்து அனுப்பினாராம்.

அடுத்த டேக். கதாநாயகன் மனைவியின் தோளைத் தொட்டு, மேனேஜர் குரலில் தழுதழுத்தார்:

‘பெருசுக்குக் காது போயிடுச்சு. அங்க ஒரு பூனைதான் இருக்கு.’

கதாநாயகி கையிலிருந்த துணியைக் கீழே நழுவவிட்டார்.

‘எங்கப்பாவுக்கா? அவருக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கேக்க வேண்டியதைக் கேக்க மாட்டார், அவ்வளவுதான்.’

என் மகள் குரல். சந்தேகமே இல்லை, பிறந்ததிலிருந்து கேட்கிற குரல்.

‘பையன் சத்தமே போட மாட்டான், பூனை மாதிரின்னு சொல்லித்தான் கட்டி வச்சார். பூனையாவது பசிச்சா கத்தும்க்கா’ என்று கதாநாயகி கண்ணீரோடு சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரமாதமாக நடித்தார்.

திரையின் மேல் ஓரத்தில் சடைநாயின் மூக்கு ஒரு கணம் எட்டிப்பார்த்து மேலே போனது. மாப்பிள்ளை மைக்கை இப்படித் தாழவிட்டு நான் பார்த்ததே இல்லை. கம்பு கனக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என் காதே பெரிய கவலையாக இருந்தது.

‘சவுண்ட் சார்?’

‘சுத்தம்.’

காலை முழுக்க இப்படியே போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாப்பாடு பத்தவில்லை. மேக்கப் அக்கா முதல் ஆளாகச் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் குழப்பம் இரட்டிப்பானது. கதாநாயகனும் கதாநாயகியும் தங்களுக்குள் பேசிக்கொண்ட ரகசியம் இவருக்கு எப்படித் தெரிந்தது?

‘மாப்பிள்ளை, காலையில சத்தமெல்லாம் சரியா வந்துச்சா உங்களுக்கு?’

‘வந்துச்சு மாமா.’

‘வித்தியாசமா ஒண்ணும் இல்லையே?’

‘இல்லையே மாமா. உங்களுக்கு?’

‘எனக்கென்ன. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேட்டுச்சு.’

‘ஆமா மாமா. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரிதான்.’

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

‘மாமா.’

‘சொல்லுங்க மாப்பிள்ளை.’

‘ஹீரோயின் மேடம் குரல்...’

‘ஆமா, மேடம் குரல்?’

‘நல்லா இருக்கு மாமா.’

‘ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை’ என்றேன். மனைவி போகப்போகிற ஏக்கத்தில் தனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அவர் அப்போதே முடிவுகட்டியிருந்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்கு வயதாகிவிட்டது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். இரண்டு பேரும் மரியாதை கெடாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தோம்.

மத்தியானத்துக்கு மேல் கடைசி ஷாட். மனைவி பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி நோக்கி நடக்கிறாள். நின்று திரும்பி ஒரு வசனம் பேசுகிறாள். கணவன் வாயே திறப்பதில்லை. அவள் போய்விடுகிறாள். டைரக்டர் இதை எழுதும்போது எங்கள் வீட்டு ஜன்னலோரம் நின்றிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

‘ஆக்‌ஷன்.’

கதாநாயகி நடந்தார். நின்றார். திரும்பினார். என் மகள் பேசினாள்.

‘வேன் வந்துடும்க்கா. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. எனக்கு அந்த வேலையும் வேணாம், அந்த ஊரும் வேணாம். போகாதேன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொல்லட்டும், பெட்டியைப் பிரிச்சுடறேன். சொல்ல மாட்டார். பாருங்களேன், கம்பைப் புடிச்சுக்கிட்டு எப்படி நிக்கிறார்னு.’

கதாநாயகி பேசி முடித்துக் காத்திருந்தார். கதாநாயகன் எழுதியிருந்தபடி மௌனமாக நின்றார். கொடியில் துணிகள் படபடத்தன.

‘போகாதே.’

என் காதில் இடி விழுந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகும் அந்தக் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்த் தெருவில் சைக்கிளில் போன ஒருவர், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று இறங்கி நின்றுவிட்டார்.

மாடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கம்பைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். பார்வை நேராகக் கதாநாயகியின் மேல்.

‘போகாதே’ என்றார் இன்னொரு தடவை.

கதாநாயகி பையைக் கீழே வைத்தார். ‘என்னையா சொல்றார்?’

‘மேடத்தைப் போய் நீ வா போன்னு பேசறாரே’ என்றார் மேனேஜர்.

கதாநாயகனுக்கு வேறு கவலை. ‘டைரக்டர் சார், இந்த இடத்துல எனக்கு ஒரு வசனம் வேணும்னு நான் அன்னிக்கே கேட்டேன். இல்லைன்னுட்டு பூம்காரருக்குக் குடுத்திருக்கீங்க.’

‘நான் யாருக்கும் குடுக்கல’ என்றார் டைரக்டர், கையில் இருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே. அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

என் மகள் எழுந்து நின்றாள். நாற்காலியை மடக்கித் தொட்டியில் சாய்த்து வைத்தாள். என் அறை வாசலுக்கு வந்து நின்று, சாதாரணமாகத்தான் பேசினாள்.

‘ஊமைன்னு நினைச்சேன்ப்பா. ஊமை இல்ல. பேச்சு வருது. ஆள்தான் வேற.’

படியிறங்கிப் போனாள். கீழே வேன் வந்து ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. இதைக் கேட்க ஹெட்ஃபோன் தேவைப்படவில்லை.

மாப்பிள்ளை அப்படியே நின்றார். கம்பை இன்னும் இறக்கவில்லை. நான் அவரிடம் போனேன். அதுவரை அவரிடம் நான் நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டேன்.

‘மாப்பிள்ளை, யாரைப் போகாதேன்னீங்க?’

‘அவளைத்தான் மாமா.’

‘அவள்னா?’

‘உங்க பொண்ணை.’

‘அவ உங்க முதுகுக்குப் பின்னால இல்ல உக்காந்திருந்தா?’

‘குரல் முன்னாலேர்ந்து வந்துச்சு மாமா. மேடம் வாயிலேர்ந்து. காலையிலேர்ந்து வருது. எனக்கு மூளை கலங்கிடுச்சு மாமா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.’

‘பெட்டியைப் பிரிச்சுடறேன்னு சொல்லுச்சா அந்தக் குரல்?’

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ‘உங்களுக்கும் வந்துச்சா மாமா?’

எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கு ஒரே நாளில் ஒரே மாதிரி கிறுக்குப் பிடிக்காது. கம்பை இறக்கி, சடை உறையை அவிழ்த்து, கூண்டைத் திறந்தேன். எங்கள் மைக் நடிகர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி நிழலைப் பார்த்தபடி சுகமாகப் படுத்திருந்தது. காலையிலிருந்து அது நடிகர்கள் பேசிய ஒரு வார்த்தையையும் சரியாகப் பதியவில்லை. பக்கத்து மாடியில் நான் நிறுத்தச் சொன்ன சண்டைதான் படத்தின் வசனம்.

‘மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க’ என்றேன். ‘மைக்கைக் கொஞ்சம் வேற மாதிரி வச்சிருக்கீங்க.’

அவர் பார்த்தார். ‘ஆமா மாமா’ என்றார்.

இப்போது என் முன்னால் இரண்டு வழி. சத்தம் போடாமல் மைக்கைத் திருப்பி வைத்து, விமானம் போயிற்று என்று ஏதாவது சாக்குச் சொல்லி எல்லாவற்றையும் மறுபடி எடுக்கலாம். யாருக்கும் தெரியாது. என் பெயர் தப்பும். மகள் வேனில் ஏறிவிடுவாள். இன்னொரு வழி, பதிந்ததைப் போட்டுக் காட்டுவது. அப்போது மகள் நிற்பாள். ஆனால் காலையிலிருந்து ‘சுத்தம், சுத்தம்’ என்று நான் சொன்னது நாறிப்போகும்.

பாட்டுக் காட்சிகளுக்காக வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர் மாடி ஓரத்தில் இருந்தது. அதைத் தெருப் பக்கம் திருப்பி, ரெக்கார்டரோடு இணைத்து, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினேன்.

எந்தப் பதிவு எந்த டேக் என்று கணக்கு வைத்திருப்பவள் என் மகள். அவள் கீழே இருந்தாள். ஆகவே காலை முதல் டேக்கிலிருந்தே, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுத் தாண்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

‘சாப்பாடு பத்தாது. ஆள் கூடுதலா வந்துட்டாங்க’ என்று தெரு முழுக்க மேனேஜர் முழங்கினார். மேனேஜர் என் பக்கத்தில் நின்று, இது யாரோ என்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து மேக்கப் அக்கா. அதற்கடுத்து டைரக்டர் கேமராமேனிடம் கிசுகிசுத்தது: ‘இந்த அம்மா அழுதா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வச்ச மாதிரி இருக்கு, சொட்டுது, ஆனா சூடு இல்ல.’ கதாநாயகி டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் வானத்தைப் பார்த்தார். கேமராமேன் பதிலுக்குச் சொன்னது இன்னும் மோசம், அதை இங்கே எழுத முடியாது. ‘நிறுத்துங்க சார்’ என்று நாலா பக்கமிருந்தும் குரல் வந்தது. எனக்குக் காது போய்விட்டது என்று அவர்கள்தானே சொன்னார்கள். அதனால் எனக்குக் கேட்கவில்லை.

அப்புறம் வந்தது. ‘வேன் வந்துடும்க்கா. பெட்டியெல்லாம் கட்டியாச்சு.’

எட்டிப் பார்த்தேன். தெருவில் என் மகள் ஒரு காலை வேன் படியில் வைத்தபடி நின்றிருந்தாள். ‘ஒரே வார்த்தை சொல்லட்டும்’ என்று அவள் குரல் அவளுக்கு மேலே, வீடுகளுக்கு மேலே, போய்க்கொண்டிருந்தது. பிறகு கொஞ்சம் காற்று. பிறகு அந்த இடி.

‘போகாதே.’

மைக் அவர் பக்கம் திரும்பியிருந்ததால், அன்றைக்குப் பதிந்ததிலேயே தெளிவாக இருந்தது அந்த வார்த்தைதான்.

அவள் படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. மாப்பிள்ளையைப் பார்க்காமல் என்னிடம், ‘இன்னொரு தடவை போடுங்கப்பா’ என்றாள். போட்டேன். தலையைச் சாய்த்து, வேலை நேரத்தில் பார்க்கிற மாதிரியே கவனமாகக் கேட்டாள்.

‘குரல் என்னுதுதான். பதிலும் என் கேள்விக்குத்தான். ஆனா பார்த்தது அந்தப் பக்கம். அது சேராது. இந்தப் பக்கம் பார்த்து ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க.’

மாப்பிள்ளை திரும்பினார். கையில் கம்பு இல்லை. கம்பில்லாத கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றை இடுப்பில் வைக்கப்போய், ஏதோ நினைத்து, எடுத்துவிட்டார். டைரக்டர் பழக்கதோஷத்தில் ‘சைலன்ஸ்’ என்றார். எங்கள் படப்பிடிப்பில் முதல்முறையாக யாரும் குசுகுசுக்கவில்லை.

‘போ’ என்றார் மாப்பிள்ளை.

மேக்கப் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

‘நானும் வரேன்.’

‘இப்பதானே போகாதேன்னீங்க?’

‘அது அப்ப.’

‘அப்ப எது சரி?’

அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டினேன்.

‘உன் பெட்டி கட்டியாச்சு’ என்றார் மெதுவாக. ‘பிரிச்சா மறுபடி கட்டணும். என் பெட்டி சின்னது, சீக்கிரம் கட்டிடுவேன். அங்கயும் கம்பு புடிக்க ஆள் வேணும்ல.’ அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல். முடித்ததும் நீரில் மூழ்கி எழுந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

என் மகள் யோசித்தாள். ‘ரெண்டும் இருக்கட்டும்’ என்றாள். இரண்டு டேக்கில் எது நல்லது என்று தெரியாதபோது டைரக்டர்கள் சொல்கிற வார்த்தை அது.

‘மாப்பிள்ளை, இங்க கம்பு யார் புடிப்பா?’ என்று கேட்டேன். அதற்குள் அவர் பெட்டி கட்ட ஓடிவிட்டார்.

காலையில் எடுத்ததை மறுபடி எடுக்கவே இல்லை. டைரக்டர் அன்று மாலை உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு, தான் எழுதியதைவிட இதுவே நன்றாக இருக்கிறது என்று அப்படியே வைத்துக்கொண்டார். படம் வந்தது. பிரிகிற நேரத்திலும் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிற கணவனைப் பார்த்து ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். கதாநாயகனுக்கு அந்த வருஷத்தின் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. மேனேஜர் போய்க் கைதட்டிவிட்டு வந்தார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அன்றைக்கு வேன் கிளம்பும்போது நான் தெருவில் நின்று கையாட்டினேன். இரண்டு பெட்டிகளும் கூரைமேல் இருந்தன. ஜன்னல் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே மாப்பிள்ளையின் வாய் அசைந்துகொண்டிருந்தது. கைகளை ஆட்டி ஆட்டி, நிறுத்தாமல், ஏதோ பெரிய கதை. என் மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முனை திரும்புகிற வரைக்கும் அவர் முடிக்கவில்லை. என்ன பேசினார் என்று இரண்டொரு தடவை போனில் கேட்டுப் பார்த்தேன்.

‘ஒண்ணுமில்ல மாமா’ என்கிறார்.